லயத்துக்கொரு ஈமெயில்

அத்தியாயம் 4

"மிஸ், கனடாவுல இருக்கிற ஒருத்தரைக் கண்டுபிடிச்சுத் தரணும்"னு அந்தப் பிள்ளை கேட்டதும் நான் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"கனடா கொஞ்சம் பெரிய இடம் தங்கச்சி. எந்த ஹோல்ட்ல இறங்கணும்னு தெரியுமா?"ன்னேன். கண்டி-மாத்தளை பஸ்ஸுல அத்தனை வருஷம் கண்டக்டரா இருந்தவன் வாய் வேற எப்படி இருக்கும்?

பிள்ளை சிரிக்கல. கைக்குட்டையை முறுக்கிக்கிட்டே இருந்திச்சு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சந்திரகாந்தா மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் எழும்பிப் போய்ப் பிளேன்டீ ஊத்தினேன்.

மிஸ் முன்ன ஒரு இன்ஷூரன்ஸ் கம்பனியில பொய்க் கிளெய்ம் பிடிக்கிற வேலையில இருந்தவங்க. ஒரு கடை தானா எரிஞ்சதா, எரிச்சதான்னு சாம்பலைக் கிண்டிப் பார்க்க மாட்டாங்க. தீப்பிடிக்கிறதுக்கு முந்தின நாள் முதலாளி எதை எதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனான்னு மட்டும் கேப்பாங்க. அந்த வேலையை விட்டுட்டு மாத்தளை திருகோணமலை வீதியில, ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல, விசாரணை ஆபீஸ் போட்டிருந்தாங்க. ஆபீஸ்ல மிஸ், நான், ஒரு மேசை, ஒரு ஃபேன். ஃபேன் சுத்தினா நாங்க பேசுறது எங்களுக்கே கேக்காது.

2008ஆம் வருஷம் அது. தம்புள்ளையில பஸ்ல குண்டு வெடிச்சு சில மாசம்தான் ஆகியிருந்திச்சு. தமிழ்ப் பேரோட வெளியில போறவன் வீடு திரும்பினா அன்னிக்கு நல்ல நாள்.

பிள்ளையோட பேர் ஜெயலதா. எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் கொழுந்துக் காட்டுல. இது மட்டும் டவுனுக்கு இறங்கி ஒரு புடவைக்கடையில சேல்ஸ்ல நிக்குது. அண்ணன் மாரிமுத்து கொழும்புல பாத்திரக்கடையில வேலை.

"அண்ணனைப் புடிச்சிட்டாங்க மிஸ்"னுச்சு. "தங்கியிருந்த லொட்ஜை ரவுண்ட்அப் பண்ணியிருக்காங்க. ஈமெயில் இருக்கான்னு கேட்டிருக்காங்க. இருக்குன்னு சொல்லி, பாஸ்வேர்டையும் சொல்லிட்டாரு. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு."

"அப்புறம்?"

"திறந்து பார்த்தா, அதுல இருந்து ஒரு வெளிநாட்டு ஆளுக்குப் படம் போயிருக்கு. நம்ம பஸ் ஸ்டாண்ட், பலாபத்வலச் சந்தி, அலுவிகாரையில ரோட்டோரம் ஆமி நிக்கிற சென்றி. யாருடா அனுப்பினதுன்னு கேட்டாங்களாம். சத்தியமாத் தெரியாதுன்னிருக்காரு. உன்னோட ஈமெயில்தானேன்னிருக்காங்க. அதுக்கு இவரு..." பிள்ளை கைக்குட்டையை இன்னும் ஒரு சுத்து முறுக்கிச்சு. "என்னோடது மட்டும் இல்ல சார், எங்க ஆளுங்க எல்லாரும் பாவிக்கிறதுன்னு சொல்லிட்டாரு."

"யா அல்லாஹ்!" எனக்குக் கையில இருந்த தேத்தண்ணி சிந்திப் போச்சு. அந்தக் காலத்துல ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால ஒரு தமிழ்ப் பொடியன் 'எங்க ஆளுங்க'ன்னு சொன்னா, அவன் மனசுல எந்த ஆளுங்க வருவாங்க?

மிஸ் மட்டும் அசையல. "எல்லாரும்னா?"

"எங்க லயத்துல இருக்கிற எல்லாரும் மிஸ். கொழும்புல, கண்டியில, கார்மென்ட்ஸ்ல வேலை செய்யிற பிள்ளைங்க எல்லாருக்கும் சேர்த்து அண்ணன்தான் ஒரு ஈமெயில் திறந்தாரு. பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரியும். யாருக்கு வந்திருந்தாலும், போய்ப் பார்க்கிறவங்க வந்து சொல்லிருவாங்க."

"ஆளுக்கொண்ணு சும்மாவே திறக்கலாமே?"

"எதுக்கு மிஸ்?"னு உண்மையாவே கேட்டுச்சு.

நான் சிரிக்கப் போனேன், சிரிப்பு வரல. யோசிச்சுப் பாருங்க. தோட்டத்து லயம்னா ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒட்டின அறைங்க, அதுல எந்த வீட்டுக்கு நம்பர் இருக்கு? தபால்னா தோட்டத்து ஆபீஸுக்கு மொத்தமா வரும். கொழுந்து நிறுக்கிற இடத்துல வச்சுப் பேர் கூப்பிட்டுக் குடுப்பாங்க. உன் கடுதாசியை உனக்கு முன்னால நாலு பேர் தடவிப் பார்த்திருப்பாங்க, ரெண்டு பேர் படிச்சிருப்பாங்க. தனக்குன்னு ஒரு விலாசமே இல்லாம மூணு தலைமுறை இருந்த சனம். அது கம்பியூட்டருக்கு வந்தா மட்டும் தனி விலாசமா கேக்கும்? தண்ணிக்கு ஒரு பைப்பு, லயத்துக்கு ஒரு ஈமெயில்.

"படம் யாரு அனுப்பினது?"ன்னு மிஸ் கேட்டாங்க.

"நான்தான் மிஸ்."

தலையைக் குனிஞ்சுக்கிச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாதாம். வர்றதைப் படிச்ச உடனே அழிச்சிருமாம், அனுப்பினது தனியா ஒரு இடத்துல மிஞ்சி நிக்கும்னு அதுக்குத் தெரியல. கண்டியில இருக்கிற லோயர்கிட்ட மட்டும் சொல்லியிருக்கு. அந்த ஐயா, "நீ சொல்றதை நான் நம்புறேன். அவங்க நம்ப மாட்டாங்க. அந்தக் கனடாக்காரன் யாரு, எவருன்னு காட்டு. அவன் இயக்கத்து ஆள் இல்லைன்னு காட்டு. திங்கட்கிழமை தடுப்புக் காவலுக்குக் கையெழுத்துப் போட்டாங்கன்னா, அதுக்குப் பிறகு உங்க அண்ணன் எந்த முகாம்ல இருக்கான்னு தேடுறதே ஒரு வேலையாப் போயிரும்"னு சொல்லியிருக்காரு. அன்னிக்குச் சனிக்கிழமை.

"அஜந்தன் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மிஸ்"னுச்சு. "அவரு ரொம்ப நல்லவரு. ஊரை விட்டு வந்து எத்தனை வருஷம், நீ நடக்கிற ரோட்டைப் பார்த்தாலே உன்னைப் பார்த்த மாதிரின்னு எழுதுவாரு. அதுக்குத்தான் படம் கேட்டாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கேன், ஏத்துன்னாரு."

அந்த வரியைச் சொல்லும்போது அந்த நிலைமையிலயும் பிள்ளையோட முகம் கொஞ்சம் மலர்ந்திச்சு. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கல.

"அவரோட படம் இருக்கா?"ன்னேன்.

"ஒண்ணு அனுப்பினாரு நானா. பனியில மூடின கார்." முஸ்லிம் அண்ணன்மாரை எங்க ஊர்ல நானான்னுதான் கூப்பிடுவாங்க.

"ஆள் எங்க?"

"குளிர்னு உள்ள இருக்காராம்."

"கெட்டிக்காரன்!"

"கலந்தர்"னு மிஸ் அதட்டினாங்க. அப்புறம் பிள்ளை பக்கம் திரும்பி, அவங்க எப்பவும் கேக்கிற மாதிரி தலைகீழா ஒரு கேள்வி கேட்டாங்க. "அவன் எழுதின நாளைச் சொல்லாதே. எழுதாத நாளைச் சொல்லு."

"அப்படி இல்ல மிஸ், தினம் எழுதுவாரு. நான் காலையில கடைக்குப் போறதுக்கு முந்தி கொமியூனிகேஷன் கடையில போய் நெட்ல எட்டிப் பார்த்தா, குட்மோர்னிங் செல்லம்னு வந்திருக்கும்."

"ஒரு நாளும் தவறினதே இல்லையா?"

யோசிச்சுச்சு. "தேர் அன்னிக்கு எழுதல."

"எந்தத் தேர்?"

"நம்ம மாரியம்மன் கோயில் தேர்தான் மிஸ், மாசியில. ஏன் எழுதலன்னு கேட்டேன். லீவுன்னாரு. அப்புறம் தம்புள்ளையில குண்டு வெடிச்ச அடுத்த நாள். டவுன்ல கடை எல்லாம் பூட்டியிருந்துச்சே, அன்னிக்கு."

"தேருக்குக் கனடாவுல லீவு குடுக்கிறாங்களா!" நான் விரலை மடக்கினேன். "நம்ம மாகாண சபையே யோசிச்சுத்தான் குடுக்குது."

மிஸ் என்னைக் கவனிக்கல. "மழை, வெயில்னு ஏதாவது எழுதுவானா?"

"எழுதுவாரு. மார்கழியில ஒருக்கா, ஒரே மழை, கொடியில போட்ட உடுப்பு காயவே இல்லைன்னு எழுதியிருந்தாரு. பாவமா இருந்துச்சு."

"மார்கழியில, கனடாவுல, கொடியில"ன்னு நான் மெதுவாச் சொல்லிப் பார்த்தேன்.

மிஸ் எழும்பிக் கைப்பையை எடுத்தாங்க. "படம் எடுக்கக் கெமரா யாரு குடுத்தா?"

"கூட வேலை செய்யிற றமீஸா. அவளுக்கும் லண்டன்ல ஒருத்தர் இருக்காரு."

"அவனையும் நெட்லதான் தெரியுமா?"

"ஆமா மிஸ். ரெண்டு பேரும் ஒரே கொமியூனிகேஷனுக்குத்தான் போறது."

"கலந்தர், குடையை எடுங்க. வெயிலா இருக்கு."

"கனடாவுக்கா மிஸ்?"

"முதல்ல லண்டனுக்கு."

லண்டன்னா பிள்ளை வேலை செய்யிற புடவைக்கடை, எங்களுக்கு மூணாவது கடை. போற வழியில ஆமிக்காரங்க ரோட்டை மறிச்சு ஐசி, அதான் அடையாள அட்டை, பார்த்தாங்க. சிங்களத்துல நாலு வார்த்தை சொல்லி, பழைய கண்டக்டர் நான், உங்க மாமாவுக்கு மிச்சக்காசு தரணும்னு நினைக்கிறேன்னு சொன்னேன். ஆமிக்காரப் பொடியன் சிரிச்சிட்டான். ஜெயலதாவோட ஐசியை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது கைக்குட்டையை முறுக்கிறதைப் பார்த்து இன்னும் ஒரு தடவை பார்த்தான். மிஸ் அந்தக் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னாங்க.

புடவைக்கடையில முதலாளி சாப்பாட்டுக்குப் போயிருந்தாரு. றமீஸா கவுன்டருக்குப் பின்னால துணி மடிச்சிக்கிட்டு இருந்தா. எங்க தெருப் பிள்ளைதான். அவ வாப்பாவும் நானும் ஒண்ணா ஓதினவங்க. என்னைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்தா.

மிஸ் சுத்தி வளைக்கல. "லண்டன்காரன் எந்த எந்த நாள் எழுதல?"

றமீஸா என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன்.

"தேர் அன்னிக்கு எழுதல மிஸ்"னா கடைசியில. "லண்டன்ல அன்னிக்குப் பேங்க் லீவாம்."

"குண்டு வெடிச்ச அடுத்த நாள்?"

"எழுதல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுச்சு. கனடாவுல ஒருத்தன், லண்டன்ல ஒருத்தன், ரெண்டு பேருக்கும் மாத்தளைத் தேருக்கு லீவு. ரெண்டு பேரும் வாயைத் திறக்கணும்னா மாத்தளையில ஒரு கடை திறக்கணும். ரத்தம் தலைக்கு ஏறிச்சு. அப்படியே இறங்கி நடக்கப் போனேன். மிஸ் குடைப் பிடியால என் சேட்டுக் கொலரை இழுத்துப் பிடிச்சாங்க.

"கையால கேட்டா இல்லைன்னு சொல்லிருவான். அவனோட வாயாலயே வரணும்." அப்புறம் றமீஸாகிட்ட, "இப்ப அவன்கூடப் பேச முடியுமா?"

"முதலாளி வந்திருவாரு மிஸ், என்னால வர ஏலாது. பேரும் பாஸ்வேர்டும் தாறேன், நீங்களே போய்ப் பேசுங்க." மூச்சு விடாமச் சொல்லி முடிச்சிட்டா. பாஸ்வேர்ட் அவளோட தம்பி பேர். ஒருத்தன் இப்பத்தான் பாஸ்வேர்டைச் சொல்லி உள்ள போயிருக்கான், இவ தாகத்துக்குத் தண்ணி குடுக்கிற மாதிரித் தூக்கிக் குடுக்கிறா.

"அடியேய், கேட்டவங்களுக்கெல்லாம் இப்படித்தான் குடுப்பியா?"ன்னேன்.

"ஏன் நானா, நீங்க வெளியாளா?"ன்னா.

நான் குடையை எடுத்துக்கிட்டு இறங்கினேன்.

கொமியூனிகேஷனுக்குப் பேர் 'நிலா'. கிளொக் டவருக்குப் பக்கத்துச் சந்துல, ஒரு பேக்கரிக்குப் பின்னால. போட்டோக் கொப்பி மெஷின், ரெண்டு டெலிபோன் கூடு, பலகை அடிச்சுத் திரை போட்ட நாலு சின்ன அறை, ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பியூட்டர். பின்னால ஒரு ஒட்டுப்பலகைக் கதவு. அதுக்குள்ளதான் முதலாளி சிவலிங்கம் இருப்பான். முப்பத்தஞ்சு வயசு, நெத்தி நிறைய விபூதி, பேச்சுல தேன். அவனும் தோட்டத்துல பிறந்து படிச்சு டவுனுக்கு வந்தவன்தான். பிள்ளைகளுக்கு ஈமெயில் திறந்து குடுக்கிறது, எழுதத் தெரியாததுகளுக்கு எழுதிக் குடுக்கிறது எல்லாம் அவன்தான். அதுகளுக்கு அவன் சிவா அண்ணே.

"வாங்க லதா தங்கச்சி, ஆளையே காணோம்"னு சிரிச்சான். "வாங்க கலந்தர் நானா. மிஸ்ஸும் வந்திருக்கீங்க. எந்தப் பக்கம்?"

"இந்தப் பிள்ளைக்கு ஒரு வேலைக்கு எழுதிப் போடணும்"னாங்க மிஸ். "நாங்க துணைக்கு."

"ரெண்டாம் நம்பர்ல இருங்க. ஆறுதலா எழுதுங்க, அவசரமே இல்ல." சொல்லிட்டு அவன் பின்னால போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்.

அவசரமே இல்ல. நிமிஷத்துக்குக் காசு வாங்கிறவன் வேற என்ன சொல்லுவான்?

ரெண்டாம் நம்பர் அறைக்குள்ள மூணு பேர் நிக்க இடமில்ல. மிஸ் திரைக்கு வெளியில நின்னாங்க. நான் பிள்ளையோட தோளுக்குப் பின்னால. லயத்து ஈமெயிலைத் தொடவேணாம், அது பொலிஸ் கையில இருக்குன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. அதால றமீஸாவோட பேர்ல உள்ள போச்சு. பேர்களுக்குப் பக்கத்துல பச்சை விளக்கு. லண்டன்காரன் இருக்கான்.

"ஹலோன்னு மட்டும் போடு"ன்னாங்க மிஸ்.

போட்டுச்சு.

டிங்.

ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்துச்சு சத்தம். பிள்ளைக்கு இன்னும் விளங்கல. அப்புறம் அந்தப் பக்கத்துல விரல் தட்டுற சத்தம் கடகடன்னு கேட்டுச்சு, நின்னுச்சு. ஸ்கிரீன்ல வரி வந்து விழுந்திச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்: 'ஹலோ செல்லம். இப்பத்தான் வேலைக்குப் போக ரெடியாகிறேன். சரியான குளிர்.'

"படம் அனுப்பவான்னு கேளு"ன்னாங்க மிஸ்.

பிள்ளை தட்டிச்சு. டிங். பலகைக்கு அந்தப் பக்கம் கடகட. இந்தத் தடவை கொஞ்சம் நீளமா.

'அனுப்பு செல்லம். ஊரை விட்டு வந்து எத்தனை வருஷம். நீ நடக்கிற ரோட்டைப் பார்த்தாலே உன்னைப் பார்த்த மாதிரி. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கேன், ஏத்து.'

பிள்ளை அதை ஒரு தடவை வாய்க்குள்ள படிச்சுச்சு. ரெண்டாம் தடவை படிச்சுச்சு. அப்புறம் ஒட்டுப்பலகையைத் திரும்பிப் பார்த்துச்சு. அந்தப் பலகையில ஒரு சாமிக் காலண்டர் தொங்கிக்கிட்டிருந்துச்சு. முகத்துல ரத்தம் வத்திப் போறதை நான் கண்ணால பார்த்தேன்.

"அண்ணேன்னுதானே கூப்பிடுவேன்"னுச்சு. "எந்நாளும் வரும்போதும் போகும்போதும் அண்ணேன்னுதானே கூப்பிடுவேன்."

மிஸ் பின்கதவைத் திறந்தாங்க.

சிவலிங்கம் ஒரு கையில பாதி கடிச்ச பேக்கரி ரோல்ஸ் வச்சிருந்தான், மத்தக் கை கீபோர்ட்ல. ஸ்கிரீன்ல நாலஞ்சு சின்னச் சின்னப் பெட்டி திறந்திருந்துச்சு. ஒண்ணு லண்டன், ஒண்ணு துபாய், ஒண்ணு இத்தாலி. எல்லா நாட்டுக்கும் ஒரே கதிரை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். நான் அவனோட கொலரைப் பிடிச்சுச் சுவத்தோட சாத்தினேன். அவன் வாயில இருந்த ரோல்ஸ் என் சேட்டுல விழுந்திச்சு.

"எத்தனை பிள்ளைகள்டா?"

"நானா, நானா, கை வைக்காதீங்க... நான் யாரையும் தொட்டதில்ல, வெளியில வரச் சொன்னதில்ல. சும்மா பேச்சுத்தான். அதுகளுக்கும் சந்தோஷம். வேலை முடிஞ்சு வந்து அரை மணித்தியாலம் சிரிச்சிட்டுப் போகுதுங்க. இல்லாட்டி இந்த ஊர்ல யாரு நெட்டுக்கு வாறா? லோன் எடுத்துப் போட்ட கடை."

"கலந்தர், விடுங்க"ன்னாங்க மிஸ். குரலை உயர்த்தல. "சிவலிங்கம், இந்தப் பிள்ளையோட அண்ணன் மாரிமுத்து கொழும்புல பொலிஸ் பிடியில இருக்கான். நீ கேட்டு இவ அனுப்பின படத்துக்காக. கனடாவுல ஒரு புலிக்குச் சென்றியைப் படம் புடிச்சு அனுப்பினானாம்."

அவனுக்கு நிஜமாவே தெரியாது. வாய் திறந்தபடி நின்னான். விபூதிக்கு மேலால வேர்வை இறங்கிச்சு.

"என்ன சென்றி?"ன்னான்.

"அலுவிகாரைச் சென்றி. படத்துல இருக்கே."

"எந்தப் படத்துல மிஸ்? நான் பார்க்கலையே."

"அனுப்பச் சொன்னது நீதானே?"

"அனுப்பத்தான் சொன்னேன்." அழுகிற மாதிரி வந்துச்சு குரல். "நம்ம லைன் ஸ்லோ மிஸ். ஒரு படம் ஏறி முடிய அரை மணித்தியாலம் ஆகும். அந்த நேரம் முழுக்க மீட்டர் ஓடும். அதுக்குத்தான் எல்லாப் பிள்ளைகள்கிட்டயும் படம் கேப்பேன். ரோட்டுப் படம், கோயில் படம், எதுன்னாலும். பார்க்கிறதுக்கில்ல. ஒண்ணையும் நான் திறந்தது இல்ல, என் பிள்ளைங்க மேல சத்தியம்."

ஃபேன் கூட இல்லாத அறை அது. எனக்கு அவனை இன்னும் ஒரு தடவை சுவத்துல சாத்தணும்னு கை துடிச்சுச்சு. ஒருத்தியோட அண்ணன் அங்க கம்பிக்குப் பின்னால அடி வாங்கிறான், எதுக்கு? ஒரு கடையில மீட்டர் இன்னும் அரை மணித்தியாலம் ஓடட்டும்னு.

"கனடாவைத் திற"ன்னாங்க மிஸ்.

நடுங்கிக்கிட்டே திறந்தான். அஜந்தன்ங்கிற பேர்ல ஒரு ஈமெயில். லயத்து விலாசத்துல இருந்து வந்தது எல்லாம் வரிசையா நின்னுச்சு. பேச்சு மட்டும் வந்ததெல்லாம் மெலிசான எழுத்து, திறந்து படிச்சது. படம் வந்ததெல்லாம் தடிச்ச கறுப்பு எழுத்து, பக்கத்துல ஒரு கிளிப் அடையாளம். ஒண்ணுகூடத் திறந்திருக்கல.

சிவலிங்கத்துக்கு அதைப் பார்த்ததும் பயம் இன்னும் கூடிருச்சு. "அழிச்சிடறேன் மிஸ். இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன், ஒண்ணும் மிஞ்சாது"ன்னு மவுஸைப் பிடிச்சான்.

"கலந்தர்!"

நான் அவனோட மணிக்கட்டை முறுக்கின முறுக்குல மவுஸ் மேசையை விட்டுத் தொங்கிச்சு.

"அதை அழிச்சா நான் உன்னை அழிச்சிடுவேன்"னாங்க மிஸ். அவங்க அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. "உளவு பார்க்கிறவன் தனக்கு வந்த சென்றிப் படத்தைத் திறக்காமலே மாசக்கணக்கா வச்சிருப்பானா? மாரிமுத்து பக்கம் பேச இருக்கிற ஒரே சாட்சி இதுதான். யாரும் கை வைக்கக் கூடாது."

அங்கேயே டெலிபோன் கூட்டுக்குள்ள போய் லோயருக்கு எடுத்தாங்க. வெளியில வந்தப்போ முகத்துல பெருசா நம்பிக்கை ஒண்ணும் தெரியல. "இப்பவே வேன்ல வாறாராம். பார்க்கலாம், சத்தியம் பண்ண மாட்டேன்கிறாரு. படம் திறக்காம இருக்கிறதை அவரு கண்ணால பார்க்கணும், சாட்சிக்கு ஒரு ஜேபியும், அதான் சமாதான நீதவானும், பார்க்கணும். அதோட இவன் தன் வாயால வந்து சொல்லணுமாம், அந்தக் கனடாக்காரன் நான்தான்னு."

"கொழும்புக்கா?" சிவலிங்கம் அப்படியே தரையில குந்திட்டான். "மிஸ், நானும் தமிழன். நான்தான்னு போய் நின்னா, அவனை விட்டுட்டு என்னைப் போட்டிருவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

அதுல பொய் இல்லைன்னு எனக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். ஒருத்தனை வெளியில எடுக்க இன்னொருத்தனைக் கொண்டு போய் அதே வாசல்ல நிறுத்தணும். வேற எந்தக் காலமா இருந்தாலும் இவனுக்கு ரெண்டு அறை குடுத்துக் கடையைப் பூட்டியிருப்போம்.

பிள்ளை அதுவரைக்கும் கதவுல சாஞ்சு நின்னுச்சு. இப்ப முன்னுக்கு வந்துச்சு. அழல. கண் மட்டும் சிவந்திருந்துச்சு.

"வந்து சொல்லுங்கண்ணே"ன்னுச்சு.

"லதா தங்கச்சி..."

"அண்ணனைப் புடிச்சிட்டுப் போன அன்னிக்குக் காலையில எனக்கு வீட்டுல இருந்து போன் வரல, ஒண்ணும் தெரியாது. இங்க வந்து எட்டிப் பார்த்தேன். குட்மோர்னிங் செல்லம்னு இருந்திச்சு. நான் அந்த நாள் முழுக்கச் சிரிச்சிக்கிட்டே சேலை வித்தேன்." அவனுக்கு முன்னால குந்திச்சு. "அதை எழுதினது நீங்கதானே? அப்ப இதையும் நீங்கதான் சொல்லணும்."

சிவலிங்கம் முழங்காலுக்குள்ள முகத்தை வச்சிக்கிட்டான். அப்படியே தலையை ஆட்டினான். அது ஆமான்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு நான் கதவுல போய் நின்னேன்.

பிள்ளை அவனோட கதிரையில உக்காந்துச்சு. மவுஸைத் தூக்கி மேசையில வச்சுச்சு. கறுப்பு எழுத்து வரிசையைப் பார்த்துக்கிட்டே இருந்திச்சு.

"இதுல கடைசியில இருக்கிறது என் படம் மிஸ்"னுச்சு. "மத்ததெல்லாம் ரோடு. கடையில பொம்மைக்குக் கட்டியிருந்த சிவப்புச் சேலையை றமீஸா ஒரு ஞாயித்துக்கிழமைக்குக் களவா எடுத்துக் குடுத்தா. அலுவிகாரையில வச்சு எடுத்தோம். என் முகம் நல்லா விழணும்னு வெளிச்சம் பார்த்து நின்ன இடத்துலதான் பின்னால சென்றி வந்திருச்சு. எனக்கு அது கண்ணுலயே படல. அண்ணனுக்கு அந்தப் படத்தைக் காட்டியிருந்தாலும் என் பேரைச் சொல்லியிருக்க மாட்டாரு."

"இதைத்தான் லோயர்கிட்டச் சொல்லணும்"னாங்க மிஸ்.

"சேலை எப்படின்னு கேட்டேன் அவருகிட்ட. ரொம்ப வடிவா இருக்கு செல்லம், பார்த்துக்கிட்டே இருக்கேன்னு எழுதினாரு."

நான் சிவலிங்கத்தைப் பார்த்தேன். அவன் தலையைத் தூக்கல.

பிள்ளையோட விரல் மவுஸுல இருந்திச்சு. அம்பு மெல்ல மெல்லக் கீழ இறங்கி, அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. எட்டிப் பிடிக்கப் போனேன். மிஸ் கையைக் காட்டி என்னை நிறுத்தினாங்க.

"நான் ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கவா மிஸ்?"னு கேட்டுச்சு. "யாருமே பார்க்கல."

"திறந்தா அது பார்த்த படமாயிடும் லதா. பார்த்த படம்னு ஆயிட்டா, அண்ணன் உள்ளதான்."

பிள்ளை கையை எடுத்து மடியில வச்சிக்கிச்சு.

"அப்ப வேணாம்"னுச்சு. "யாரும் பார்க்காமலே இருக்கட்டும். அண்ணன் வரட்டும்."

மிஸ்ஸைக் கதவுல நிக்கச் சொன்னேன். பேக்கரிக்குப் போய் அதுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன். கண்டியில இருந்து வேன் வந்து சந்து முனையில நிக்கிற வரைக்கும் அது அந்தத் தேத்தண்ணியைத் தொடல, அந்தக் கறுப்பு எழுத்தையே பார்த்துக்கிட்டு இருந்திச்சு.